இலவச மெயிலுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

ஜெராக்ஸ்_கடை | செவ்வாய், இரவு 9.12

சங்கரன்கோவில் பக்கம் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் பார்க்கிற சின்னக் கடை நம்முடையது. டிஎன்பிஎஸ்சி, பாஸ்போர்ட், பான் கார்டு, கல்வி உதவித்தொகை, எதைத் தொட்டாலும் மெயில் ஐடி கேட்கும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மெயில் கிடையாது. மீதிப் பேருக்கு எப்போதோ யாரோ திறந்து கொடுத்தது இருக்கும், பாஸ்வேர்டு தெரியாது. புதிதாக ஒன்று போட்டுக் கொடுப்பதே என் வேலையில் கால்வாசி.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பாஸ்போர்ட்டுக்காக வந்திருந்தார். மெயில் திறந்து கொடுத்ததும், "இதுக்கு வருஷம் எவ்வளவு கட்டணும்?" என்றார். ஒன்றும் கட்ட வேண்டாம் சார் என்றேன். "கவர்மெண்டே போஸ்ட் கார்டுக்கு அம்பது பைசா வாங்குது. இவன் எதுக்குய்யா சும்மா கொடுக்கிறான்?" விளம்பரம் காட்டிச் சம்பாதிப்பார்கள் என்றேன். "நான்தான் எதையும் வாங்க மாட்டேனே, எனக்குக் காட்டி அவனுக்கு என்ன லாபம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். "டேட்டா திருடுகிறான் சார்" என்ற ஒற்றை வரி எனக்கும் தெரியும், அது வேண்டாம். என்ன கிடைக்கிறது, பதிலுக்கு என்ன போகிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கமலி | செவ்வாய், இரவு 10.05

அண்ணா, நான் பெங்களூரில் இணைய விளம்பரம் விற்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். உங்கள் தலைமையாசிரியர் கேட்ட இரண்டாவது கேள்வி ரொம்பச் சரியான கேள்வி.

அவர் எதையும் வாங்காவிட்டாலும் கணக்கில் சேர்த்திதான். கோடிக்கணக்கான பேரில் யார் வாங்குவார், யார் வாங்க மாட்டார் என்று பிரிக்கத் தெரிந்தால்தான் விளம்பர இடத்துக்கு நல்ல விலை கேட்க முடியும். வாங்காதவருடைய நடவடிக்கையும் அந்தப் பிரிப்புக்கு உதவுகிறது.

தலைக்கு எவ்வளவு தேறும்? ஃபேஸ்புக், வாட்ஸ்அப் இரண்டின் தாய் நிறுவனமான மெட்டா 2023 வரை ஃபேஸ்புக் வருமானத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து வெளியிட்டு வந்தது. அந்த ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் அமெரிக்கா, கனடாவில் ஒரு பயனருக்கு 68 டாலருக்கு மேல். ஆசிய பசிபிக் பகுதியில் ஐந்தரை டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 450 ரூபாய். இதில் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் சேர்த்தி, அதனால் சங்கரன்கோவில் கணக்கு இன்னும் குறைவாகத்தான் இருக்கும்.

"டேட்டாவை விற்கிறார்கள்" என்பதும் பாதிதான் சரி. கூகுளோ மெட்டாவோ உங்கள் பெயர், எண் எழுதிய பட்டியலை நகைக்கடைக்காரரிடம் கொடுப்பதில்லை. "தென்காசி மாவட்டம், 25 முதல் 40 வயது, நகை தேடிய பெண்கள்" என்று அவர் கேட்பார், அவர்களுக்கு இவர்களே விளம்பரத்தைக் காட்டுவார்கள். பட்டியலைக் கொடுத்துவிட்டால் அடுத்த தடவை அவர் இவர்களிடம் எதற்கு வரப் போகிறார்?

நிஜமான ஒழுகல் வேறு இடத்தில். ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறீர்கள், பக்கம் வருவதற்குள் அதிலுள்ள விளம்பர இடம் ஏலத்துக்குப் போய்விடும். என்ன போன், ஏறக்குறைய எந்த ஊர், எந்தப் பக்கம் படிக்கிறார் என்ற விவரங்களோடு ஏல அழைப்பு பல கம்பெனிகளுக்குப் போகும். ஏலத்தில் ஜெயிப்பது ஒருவர்தான். ஆனால் அந்த விவரம் கேட்டவர்கள் எல்லோர் கையிலும் போய்ச் சேர்ந்திருக்கும். இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

கருங்குயில் | செவ்வாய், இரவு 10.31

> சுமார் 450 ரூபாய்

அதுவும் என் பையிலிருந்து போகவில்லை, விளம்பரம் கொடுத்தவன் பையிலிருந்து போகிறது. அப்புறம் என்ன பிரச்சினை?

நான் பார்க்கிற கணக்கைச் சொல்கிறேன். என் தம்பி சென்னையில் வாடகைக் கார் ஓட்டுகிறான். ஊருக்குப் புதுசு, ஆனாலும் முதல் நாளே வண்டி ஓட்டினான், மேப் இருந்ததால். என் மனைவி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சேலைப் படம் போட்டு வியாபாரம் செய்கிறார், கடை வாடகை கிடையாது. அத்தான் துபாய் போன புதிதில் ஒரு நிமிடம் பேசக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவோம். இப்போது அவர் அங்கே சமைப்பதை இங்கிருந்து வீடியோவில் பார்த்து என் அக்கா உப்பு சரிசெய்கிறார்.

வாட்ஸ்அப் ஒரு காலத்தில் வருடத்துக்கு ஒரு டாலர் வைத்திருந்தது. 2016 ஜனவரியில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஒரு டாலர் பெரிய காசில்லை, ஆனால் அதைக் கட்ட எங்கள் தெருவில் யாரிடம் கிரெடிட் கார்டு இருந்தது? இலவசம் என்பதால்தான் நாம் உள்ளேயே வந்தோம். சம்பளக்காரர்கள் "காசு கட்டி நல்ல சேவை வாங்குங்கள்" என்று அறிவுரை சொல்வது சுலபம்.

என்னிடம் ஒளிக்க எதுவும் இல்லை. நான் மதுரை போனது கூகுளுக்குத் தெரிந்தால் தெரியட்டுமே.

பழைய_பதிவர் | புதன், காலை 6.48

கருங்குயில் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நானே சாட்சி. 2004இல் ஜிமெயில் 1 ஜிபி இடம் தருகிறது என்றபோது, அது வெளியான தேதி ஏப்ரல் 1 என்பதால் ஏமாற்று வேலை என்றே பலர் நினைத்தார்கள். அன்று ஹாட்மெயில் கொடுத்தது 2 எம்பி. பிளாக்ஸ்பாட் இலவசமாக இல்லாமல் இருந்திருந்தால் என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் எவரும் தமிழில் வலைப்பதிவு எழுதியிருக்க மாட்டோம். ஒரு தலைமுறை இணையத் தமிழே அந்த ஓசி நிலத்தில் விளைந்ததுதான்.

ஆனால் நிலம் நம்முடையது இல்லை என்பதும் அப்புறம் தெரிந்தது. யாஹூ குழுமங்கள் என்ற மெயில்வழி விவாதக் குழுக்களில் மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று என்ன மாதிரி விவாதங்கள் நடந்தன! வெண்பாப் போட்டிகள், இரவு முழுக்க நீளும் இலக்கணச் சண்டைகள். 2019 கடைசியில் குழுமங்களின் பழைய உள்ளடக்கத்தை நீக்கப் போவதாக யாஹூ அறிவித்தது. 2020 டிசம்பர் 15இல் மொத்தமாக மூடியது. முன்கூட்டி இறக்கி வைத்தவர்களிடம் இருப்பதுதான் மிச்சம். அதற்கு முன்பே 2009இல், இலவசமாக இணையப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் போயிற்று. 2013 ஜூலையில், பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர். 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளம், அங்கேயும் தமிழ்க்கூட்டம் நன்றாக இருந்தது.

காசு கட்டியிருந்தால் மூடியிருக்க மாட்டார்களா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் போய்க் கேட்க ஒரு ரசீது இருந்திருக்கும்.

இன்னொன்று. இலவசம் என்பதால் உள்ளே வந்தோம் என்கிறீர்களே, யார் இலவசம், எதற்கு இலவசம் என்பதும் முக்கியம். 2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கும் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் சேர்ந்து தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை இந்தியாவில் தொடங்கின. முதலில் வந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஏழைக்கு இணையம் என்றுதான் பேச்சு. எந்தத் தளம் ஓசி, எதற்குக் காசு என்று கம்பெனி முடிவு செய்யக்கூடாது என்று பத்து லட்சம் பேருக்கு மேல் மெயில் அனுப்பினார்கள். 2016 பிப்ரவரி 8இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தடை போட்டது. அன்று தோற்றிருந்தால், கருங்குயில், உங்கள் தம்பி எந்த மேப்பைப் பார்க்க வேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு செய்திருப்பார்கள்.

கமலி | புதன், காலை 9.20

ரசீது விஷயத்துக்கு நல்ல உதாரணம் இருக்கிறது ஐயா. கூகுள் ஸ்டேடியா என்று ஒரு விளையாட்டுச் சேவை, ஜனங்கள் காசு கொடுத்து விளையாட்டு வாங்கினார்கள். 2023 ஜனவரியில் மூடியபோது, வாங்கிய கருவிக்கும் விளையாட்டுக்கும் கூகுள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதே கூகுள் ரீடரை மூடியபோது கையெழுத்து இயக்கம் நடத்தியவர்களுக்குக் கிடைத்தது ஒரு மன்னிக்கவும்தான்.

கருங்குயில் அண்ணா, மேப் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. சாலை சிவப்பாகத் தெரிவதே அங்கே நிற்கிற மற்ற வண்டிக்காரர்களின் போன்கள் சொல்வதால்தான். எல்லோரும் கொடுக்கிறார்கள், எல்லோரும் வாங்குகிறார்கள். ஆனால் அமெரிக்காவில் வேறு ஒன்று நடந்தது. போன இடங்களைப் பதிந்து வைக்கும் 'இருப்பிட வரலாறு' வசதியை அணைத்து வைத்த பிறகும் கூகுளின் வேறு அமைப்பு வழியாக இருப்பிடம் பதிவாகிக்கொண்டிருந்தது என்று 2018இல் செய்தி வந்தது. 40 மாநிலங்கள் தொடர்ந்த விசாரணையில் 2022 நவம்பரில் 39 கோடியே 15 லட்சம் டாலருக்குச் சமரசம். கேட்டு வாங்கினால் பேரம். வேண்டாம் என்ற பிறகும் எடுத்தால் அதற்கு வேறு பெயர்.

நிலாமுற்றம் | புதன், பகல் 1.15

மதுரையில் வழக்கறிஞர். ரசீது பற்றிப் பழைய_பதிவர் போகிற போக்கில் சொன்னதுதான் சட்டத்திலும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவை என்பதற்குத் தரும் விளக்கத்தில், கட்டணமில்லாமல் அளிக்கப்படும் சேவை சேராது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஐம்பது ரூபாய் சார்ஜர் கெட்டால் நீங்கள் நுகர்வோர். பத்து வருட மெயில் கணக்கு காணாமல் போனால், குறைதீர் ஆணையத்தில் முதல் கேள்வியே "எவ்வளவு கட்டினீர்கள்?" என்பதாக இருக்கும். நான் கொடுத்த தகவலே கட்டணம்தான் என்று வாதாடலாம், ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் கட்சிக்காரரிடம் நம்பிக்கை கொடுத்து ஃபீஸ் வாங்க மனசு வராது.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம். வாட்ஸ்அப் 2021இல் "ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் விலகு" என்று கொண்டுவந்த தனியுரிமைக் கொள்கைக்காக, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 2024 நவம்பரில் 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அந்த வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. இவை எல்லாம் நல்லதுதான். ஆனால் இதில் எதை வைத்தும் சங்கரன்கோவில் ஆள் ஒருவர் நாளைக்கே தன் கணக்கை மீட்டுவிட முடியாது.

> என்னிடம் ஒளிக்க எதுவும் இல்லை

உங்களிடம் இல்லை, சரி. உங்கள் போனில் எத்தனை பேர் எண் இருக்கிறது? என்னிடம் வந்த ஒரு வழக்கில், உடனடிக் கடன் செயலி ஒன்றை ஒருவர் இலவசமாக இறக்கினார், தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கொடுத்தார். தவணை தவறியதும் அவர் மாமியாருக்கும், பழைய முதலாளிக்கும், பிள்ளையின் டியூஷன் டீச்சருக்கும் போன் போனது. கடன் வாங்காதவர்கள்தான் அங்கே விலை கொடுத்தார்கள். தொடர்புப் பட்டியல், கேலரி போன்றவற்றைக் கடன் செயலிகள் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி கொண்டுவந்தது. முறைப்படி பதிவு செய்தவர்கள் அதை மதிப்பார்கள். மற்றவர்கள்?

கருங்குயில் | புதன், பகல் 2.02

கடன் செயலிக்காரன் ரவுடி. அவனையும் கூகுளையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை மேடம்.

நிலாமுற்றம் | புதன், பகல் 2.10

வைக்கவில்லை. கொடுப்பது உங்கள் பொருள் மட்டும் இல்லை என்றுதான் சொன்னேன். ஒரு வினாடி வினாச் செயலி வழியாக ஃபேஸ்புக் பயனர்களின் தகவல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போனது என்று 2018இல் வெளிவந்ததே, அதை எடுங்கள். அந்தச் செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேர். தகவல் போயிருக்கக்கூடியவர்கள் 5 லட்சத்து 62 ஆயிரம் பேர் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. மற்ற அத்தனை பேரும் செய்த ஒரே காரியம் நட்பு வட்டத்தில் இருந்தது.

கருங்குயில் | புதன், பகல் 2.14

335க்கு ஐந்தரை லட்சமா. இது எனக்குத் தெரியாது.

நெறியாளர் | புதன், மாலை 4.00

வாட்ஸ்அப்பா சிக்னலா டெலிகிராமா என்ற சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. அது தொடர்பான பதில்களை அங்கே நகர்த்தியிருக்கிறேன். கட்சி அரசியல் பதில்கள் நீக்கப்பட்டன.

கீரிமலைக்_காற்று | புதன், இரவு 8.37

கனடாவில் இருந்து எழுதுகிறேன். எல்லோரும் இலவசம் என்றால் கூகுள், மெட்டா என்றே கதைக்கிறீர்கள். நான் கிழமைக்கு இரண்டு முறையாவது திறப்பது நூலகம் தளம். 2005இல் தொடங்கினது. ஈழத்துப் பத்திரிகைகள், சஞ்சிகைகள், ஊர் மலர்கள், பாடசாலை மலர்கள் வரை ஸ்கான் செய்து போட்டிருக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகத்துக்கு அது என்ன மாதிரியான சேவை என்று நான் சொல்லத் தேவையில்லை. மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் இருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து தருகிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் இருந்து நடக்கிறது. இவற்றில் நான் என்ன படித்தேன் என்பதை எவரும் ஏலம் விடுவதில்லை. வேண்டிய கோப்பை இறக்கி என் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம். நாளைக்குத் தளம் நின்றாலும் என் பிரதி என்னிடம் இருக்கும்.

ஆகவே இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். வெளியே போகும்போது என்னுடையதை எடுத்துக்கொண்டு போக விடுகிறார்களா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பழைய_பதிவர் | புதன், இரவு 9.15

அதற்கும் யாரோ விலை கொடுக்கிறார்கள் ஐயா. மெய்ப்புப் பார்த்தே கண் கெட்டவர்களை எனக்குத் தெரியும். நன்கொடை கேட்டு விக்கிப்பீடியா பட்டை காட்டினால் நம்மில் எத்தனை பேர் அதை மூடிவிட்டு மேலே படிக்கிறோம்?

கீரிமலைக்_காற்று | புதன், இரவு 9.22

உண்மைதான். ஆனால் அவர்கள் தெரிந்தே கொடுக்கிறார்கள், என்ன கொடுக்கிறோம் என்றும் அவர்களுக்குத் தெரியும்.

ஜெராக்ஸ்_கடை | வியாழன், இரவு 10.40

எல்லோருக்கும் நன்றி. விளம்பரக் கணக்கு புரிந்தது. ஆனால் என் கடையில் நான் பார்க்கிற கஷ்டம் வேறு மாதிரி, இதுவரை யாரும் அதைத் தொடவில்லை.

இங்கே வருகிறவர்கள் பிரீபெய்டு சிம்காரர்கள். காசு இருக்கும்போது ரீசார்ஜ், இல்லாதபோது விட்டுவிடுவார்கள். எண் செத்துவிடும். நிறுத்திய எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. கொடுத்தும் விடுகிறார்கள். அதற்கப்புறம் இவருடைய மெயிலைத் திறக்க வருகிற ஓடிபி யாரோ முன்பின் தெரியாதவர் போனில் மணியடிக்கும். மெயில் போனால் டிஎன்பிஎஸ்சி கணக்கின் பாஸ்வேர்டு மாற்ற முடியாது, உதவித்தொகைத் தளத்தில் நுழைய முடியாது, எல்லாவற்றின் சாவியும் அந்த இலவச மெயிலில்தான் தொங்குகிறது.

பீடி சுற்றுகிற அம்மா ஒருவர், மகளின் உதவித்தொகைக்காக வந்தார். மெயில் பூட்டிக்கொண்டது, பழைய எண் போய்விட்டது. "ஆபீஸ் எங்கே இருக்கு, சொல்லுங்க, பஸ் பிடிச்சுப் போய்க் கேட்டுட்டு வாரேன்" என்றார். தாலுகா ஆபீஸ் என்றால் நாலு தடவை அலைய வைத்தாலும் போய் நிற்க ஒரு வாசல் உண்டு. பேங்க் என்றால் மேனேஜர் இருப்பார். இதற்கு எந்த பஸ்ஸில் ஏறச் சொல்வது? மீட்புப் பக்கத்தில் கேட்கிற கேள்விகளுக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. புது மெயில் போட்டு, பள்ளிக்கூடத்தில் கடிதம் வாங்கி, அந்தத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்த்தான் சரிசெய்தோம். அலுவலகம் இருந்ததால் அது முடிந்தது.

தலைமையாசிரியருக்கு இதைத்தான் சொல்லப் போகிறேன். சேவை ஓசி, ஆனால் சண்டை போட ஆள் கிடையாது.

கமலி | வியாழன், இரவு 11.18

அண்ணா, இது எங்கள் அலுவலகத்தில் யாருடைய பட்டியலிலும் இல்லாத செலவு. ஆனால் இது நம்மூர்க் கதை மட்டும் இல்லை. 2021இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு அப்பா, குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டருக்கு அனுப்பப் போனில் படம் எடுத்தார். தானியங்கி அமைப்பு அதைக் குழந்தைகள் மீதான பாலியல் குற்றப்படம் என்று பிடித்து, கூகுள் கணக்கையே மூடிவிட்டது. மெயில், படங்கள், கூகுள் வழியாக வாங்கியிருந்த போன் எண் எல்லாம் போயிற்று. போலீஸ் விசாரித்துக் குற்றமில்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பவில்லை. 2022இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. கணினித் துறை தெரிந்த ஆள், பத்திரிகையே கேட்டது, அதற்கே அந்தக் கதி.

நிறுவனத்தின் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு ஐந்தரை டாலர் வருமானம் வருகிற இடத்தில் ஒவ்வொருவருக்கும் ஆள் வைத்துப் பதில் சொன்னால் கட்டுப்படியாகாது. ஆள் இல்லாததால்தான் இலவசமாகத் தர முடிகிறது. ஆதரவு மேசையும் மேனேஜரும் வேண்டுமென்றால் அதற்கு விலை இருக்கும்.

கருங்குயில் | வெள்ளி, காலை 7.05

அப்படியென்றால் அரசாங்கமே ஒரு மெயில் கொடுக்கட்டும். இவ்வளவு விண்ணப்பத்துக்கும் மெயிலைக் கட்டாயமாகக் கேட்பது அரசாங்கம்தானே? கட்டாயம் ஆக்குவது ஒருவர், கொடுப்பது வேறு ஒரு நாட்டுக் கம்பெனி, மாட்டிக்கொள்வது பீடி சுற்றுகிற அம்மா. எனக்கு இப்போது கோபம் கூகுள் மேல் இல்லை.

நிலாமுற்றம் | வெள்ளி, காலை 7.50

இந்த இழையில் நீங்கள் எழுதியதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் அரசாங்க மெயில் என்றால் அதை யார் படிப்பார்கள் என்று பக்கத்து இழையில் நாலு பக்கத்துக்கு எழுதுவீர்கள்.

கருங்குயில் | வெள்ளி, காலை 7.58

எழுதுவேன் :)

தென்றல்_87 | வெள்ளி, இரவு 9.30

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். ஜெராக்ஸ்_கடை அண்ணா, மெயில் திறந்து கொடுக்கும்போதே செய்ய வேண்டியது என்ன என்று சொன்னால் எங்கள் ஊர் மகளிர் குழுவுக்கும் பயன்படும். இன்னொரு சந்தேகம்: என் கூகுள் கணக்கில் 15 ஜிபி நிறையப் போகிறது என்று எச்சரிக்கை வருகிறது. காசு கட்டாவிட்டால் மெயில் வருவது நின்றுவிடுமா?

ஜெராக்ஸ்_கடை | வெள்ளி, இரவு 10.15

நான் இப்போது செய்வது இவ்வளவுதான். மீட்பு எண்ணாக வீட்டில் ரொம்ப நாள் மாறாமல் இருக்கிற எண்ணைக் கேட்டு அதையும் சேர்க்கிறேன், பெரும்பாலும் தாய்மாமன் எண்ணாக இருக்கும். பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கிற இரண்டாம் படிச் சரிபார்ப்பைப் போட்டால், போன் கையில் இல்லாதபோதும் உள்ளே நுழைய உதவும் பத்து மாற்றுக் குறியீடுகளைக் கூகுள் தரும். அதைப் பிரிண்ட் எடுத்து ரேஷன் கார்டோடு வைக்கச் சொல்கிறேன். எண் மாற்றினால் முதலில் மெயிலில் மாற்றிவிட்டு அப்புறம் பழைய சிம்மைத் தூக்கிப் போடுங்கள் என்று அந்தத் தாளின் அடியில் எழுதிக் கொடுக்கிறேன். இரண்டு வருடம் திறக்காத கணக்கைக் கூகுள் நீக்கலாம் என்று 2023இலிருந்து விதி இருக்கிறது, அதனால் தேர்வு இல்லாத வருடத்திலும் ஒரு தடவை உள்ளே போய் வரச் சொல்லுங்கள்.

கமலி | வெள்ளி, இரவு 10.44

தென்றல், 15 ஜிபி என்பது மெயில், டிரைவ் என்கிற கோப்புச் சேமிப்பு, படங்கள் மூன்றுக்கும் சேர்த்து. நிறைந்துவிட்டால் ஆமாம், மெயில் வருவது நிற்கும். 2021 ஜூன் 1க்கு முன்னால் குறைந்த தரத்தில் ஏற்றிய படங்கள் இதில் சேராது, அதற்குப் பிறகு ஏற்றியது எல்லாம் சேரும். அதனால் மெயிலைத் துழாவுவதற்கு முன் வீடியோக்களைப் பாருங்கள், இடத்தைப் பிடித்திருப்பது பெரும்பாலும் அவைதான். அழிப்பதற்கு முன், நம் தகவலை இறக்கிக்கொள்ளக் கூகுள் தரும் டேக்அவுட் வசதி வழியாக மொத்தத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்ட உடனே வராது, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ ஆகும். இணைப்பு மெயிலில் வந்தால் ஒரு வாரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். ஆகவே மெயில் பெட்டி நிறைவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.